அனுப்பிவிட்டு விசாரிப்பது நியாயமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் அகதிகளின் வழக்குகளைப் பற்றிப் பேசுவோம் என்று துண்டறிக்கை போட்டவுடன் நண்பர்கள் சிலர் வந்து கேட்டார்கள்: "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாம் வயிற்றுப் பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்தவர்கள். அகதி என்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன். அவன் வழக்கு அவனோடு; நம் பாடு நம்மோடு." கேள்வி நியாயமானதுதான். ஆகவே அகதியிடமிருந்து தொடங்காமல் நம்மிடமிருந்தே தொடங்குகிறோம்.

1981 ஜூலை மாதம். பம்பாயில் அடைமழைக் காலம். நடைபாதையில் குடிசை போட்டு வாழ்கிறவர்களை அப்புறப்படுத்தி, அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக அன்றைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். முன்னறிவிப்புக் கொடுக்காமலே குடிசையை அகற்றலாம் என்று மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு சொல்லிற்று. இடித்தார்கள். இடித்ததோடு நிற்கவில்லை. மக்களை பஸ்களில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களில் சேலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியும் இருந்தார். குடும்பத்தோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் வேலை இருந்திருந்தால் அவர் ஏன் இங்கே வரப்போகிறார்? குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார்.

அவரும் மற்றவர்களும் சேர்ந்து தொடுத்த வழக்குகள்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்ற பெயரில் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகின்றன. 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நடைபாதையிலேயே நிரந்தரமாக இருக்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். அகற்றுமுன் அந்த மனிதனின் வாயிலிருந்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். "கேட்டால் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதானே?" என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்பது தவறு நேராமல் காக்கும். அத்துடன், நடவடிக்கைக்கு ஆளாகும் மனிதனும் மனிதன்தான் என்று மதிப்பதும் ஆகும். தீர்ப்பின் சாரம் அதுதான்.

தோழர்களே, இந்தச் சேலம் பஸ்ஸை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாங்கள் சொல்லப்போவது ஒரு விமானத்தின் கதை. வண்டிதான் வேறு, அதில் ஏற்றிய முறை ஒன்றே.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் கடல் கடந்து நாலாபுறமும் ஓடினார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்களும், நிலத்தை, நகையை விற்றுக் காசு திரட்டியவர்களும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். பிரிட்டன் 1985 மே மாதத்தில் இலங்கையர்களுக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலாக விசா விதிக்கப்பட்டது இலங்கைக்குத்தான். போலீசுக்குப் பயந்து ஓடுகிறவன் எந்தத் தூதரகத்தில் வரிசையில் நின்று விசா வாங்குவான்? 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் தமிழர் கூட்டம் ஒன்றைத் திருப்பி விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். அந்தக் குளிரில், ஓடுபாதை அருகே, அவர்கள் மேலாடைகளைக் களைந்து போராடினார்கள். வக்கீல்கள் ஓடிப்போய் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அடுத்த மாதமே, முறையான காகிதம் இல்லாத பயணியைக் கொண்டுவரும் விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்ற சட்ட மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிக் கப்பலை நிறுத்தி, அடைக்கலம் கேட்டு வந்தவர்களை அதில் அடைத்து வைத்தார்கள். அவர்களிலும் தமிழர்கள் பலர். அக்டோபர் 15 இரவு அடித்த பெரும்புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து மிதந்து போனது. கப்பலில் சிறை வைத்த கதை அத்தோடு முடிந்தது.

நாம் சொல்ல வந்த வழக்கும் அதே 1987-ஆம் ஆண்டில்தான் நடந்தது. ஆறு இலங்கைத் தமிழர்கள். எல்லோரும் இளைஞர்கள். "திரும்பிப் போனால் எங்களுக்கு ஆபத்து, அடைக்கலம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். பிரிட்டனின் உள்துறை அமைச்சர் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். வடக்கில் இராணுவம் தீவிரவாதிகளைத் தேடுகிறது. அந்தத் தேடுதலில் இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். அதனால் தமிழர்கள் தமிழர் என்பதற்காகவே துன்புறுத்தப்படுகிறார்கள் என்று ஆகிவிடாது. காரணம் இவ்வளவுதான்.

சரி, அப்பீல் செய்யலாமே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு. 1971-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடிவரவுச் சட்டத்தில் அப்பீலுக்கு வழி இருந்தது. ஆனால் விசா இல்லாமல் விமான நிலையத்தில் வந்து இறங்கி மறுக்கப்பட்டவன், நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் அப்பீல் செய்ய முடியும்! எந்த ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அழுகிறானோ, அந்த ஊரிலிருந்துதான் மனுப் போட வேண்டும். உயிரோடு இருந்தால் தீர்ப்பு வரும்போது தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே அவர்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரே வழி. அமைச்சரின் உத்தரவு சட்டப்படி சரிதானா என்று பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவது. இதற்கும் அப்பீலுக்கும் உள்ள வேறுபாடு நம் தொழிலாளர்களுக்கு எளிதில் விளங்கும். கம்பெனி ஒருவரைத் திருட்டுக் குற்றம் சாட்டி வேலையை விட்டு நீக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் திருடினாரா இல்லையா என்று சாட்சியைக் கூப்பிட்டு முதலிலிருந்து விசாரிப்பது ஒன்று. சார்ஜ் ஷீட் கொடுத்தார்களா, விதிப்படி என்கொயரி நடந்ததா, ஆர்டர் போட அதிகாரம் உள்ளவர்தான் போட்டாரா என்று மட்டும் பார்ப்பது மற்றொன்று. முதலாவது அப்பீல். இரண்டாவதில் ஆர்டர் ஒழுங்காக இருந்தால் போதும். நிரபராதி என்று கத்தினாலும் அங்கே காது கிடையாது. அந்த ஆறு பேருக்கும் லண்டனில் கிடைத்தது இந்த இரண்டாவது வழிதான்.

முதல் நீதிபதி மனுவைத் தள்ளினார். 1987 அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதைப் பற்றிய வாதம் அது? 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில், இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, அல்லது ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற 'ஆதாரமுள்ள அச்சம்' கொண்டவனே அகதி என்று இருக்கிறது. அந்த ஆதாரத்தை யார் கண்ணால் பார்ப்பது? அஞ்சுகிறவனின் கண்ணாலா, அமைச்சரின் மேஜையில் இருந்தா? உண்மையாகவே அவன் அஞ்சுகிறான், ஓரளவு திடமான மனிதனும் அஞ்சத்தக்க காரணம் இருக்கிறது என்றால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அரசு விடவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமாக அன்றிருந்த பிரபுக்கள் சபைக்கு வழக்கைக் கொண்டுபோனது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் அந்த வழக்கில் தலையிட்டு அகதிகள் பக்கம் நின்று வாதாடியது. இருந்தும் டிசம்பர் 16 அன்று பிரபுக்கள் சபை அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவனுடைய அச்சம் மட்டும் போதாது. திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டு என்பதை நிலைமைகளை வைத்துக் காண வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் அமைச்சர் முடிவு செய்திருக்கிறார். அதில் தவறில்லை என்று தீர்ப்பு.

பிரபுக்கள் வகுத்த அளவுகோலை இங்கே நாங்கள் பழிக்க வரவில்லை. ஆபத்து நிச்சயம் என்று காட்டத் தேவையில்லை, நியாயமான வாய்ப்பு இருந்தால் போதும் என்ற அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தில் எத்தனையோ அகதிகள் வென்றிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது வேறு. அந்த அளவுகோலை வைத்து அந்த இளைஞர்களை அளந்து பார்த்தது யார்? எந்த நீதிபதியும் இல்லை. அமைச்சரின் இலாகா அளந்தது. நீதிபதிகள் கோல் சரியா என்று மட்டும் பார்த்தார்கள்.

1988 பிப்ரவரியில் அந்த ஆறு பேரில் ஐந்து பேரை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது இலங்கையின் வடக்கே இருந்தது யாருடைய படை? நம் நாட்டுப் படை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின் பேரில் போன இந்திய அமைதிப்படை, அக்டோபரிலிருந்து புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. ஒப்பந்தம் வந்துவிட்டது, நிலைமை சீரடைகிறது, அகதிகள் திரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்ற பேச்சு லண்டனில் எடுபட்டது. ஊருக்குப் போனவர்களில் மூவர் தாங்கள் கொடுமைக்கு ஆளானதாகப் பின்னர் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு, சட்டம் அனுமதித்தபடி, அங்கிருந்து அப்பீல் போட்டார்கள். இவர்கள் இலங்கையில், வக்கீல் லண்டனில். இந்தத் தடவை ஒரு தீர்ப்பதிகாரி வழக்கின் உள்ளே போய், ஆதாரங்களைப் பார்த்து, ஒவ்வொருவர் கதையையும் எடைபோட்டார். 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. என்ன தீர்ப்பு தெரியுமா? அவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதுதான். அவர்களைத் தாமதமில்லாமல் திரும்ப வரவழைக்க வேண்டும்! பிரபுக்கள் சபையின் அளவுகோல் அமலில் இருக்கும்போதே வந்த தீர்ப்பு இது. அரசு எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. 1989 அக்டோபரில் அவர்கள் மறுபடியும் லண்டனில் வந்து இறங்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. அதே மனிதர்கள். அதே கதை. முதல் தடவை அனுப்பியாயிற்று. இரண்டாம் தடவை அழைத்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது? ஒருவர் உட்கார்ந்து கேட்டார். அவ்வளவுதான் மாறியது. அதை 1987-லேயே செய்திருந்தால் விமானச் செலவும் மிச்சம். இருபது மாதத் துன்பமும் மிச்சம்.

கதை அத்தோடு முடியவில்லை. எங்களை அனுப்பியது தவறு என்று அந்த ஐந்து பேரும் ஐரோப்பிய மனித உரிமை அமைப்புகளிடம் முறையிட்டார்கள். முதலில் ஆணையம் பார்த்தது. கொடுமைக்கு உள்ளாக்கக் கூடாது என்ற மூன்றாம் பிரிவு மீறப்பட்டதா என்ற கேள்வியில் உறுப்பினர்கள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைமை வகித்தவரின் கூடுதல் வாக்கால்தான் 'மீறப்படவில்லை' என்று முடிவாயிற்று. பிறகு ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 1991 அக்டோபர் 30 அன்று, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பிரிட்டன் மீறவில்லை என்றது. திரும்பியபின் மூவர் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னபோதிலும், அவர்களுக்குத்தான் அது நேரும் என்று முன்கூட்டி அறியத்தக்க தனி அடையாளம் எதுவும் அவர்கள் வழக்கில் இல்லை என்று காரணம் எழுதியது. லண்டனில் கிடைத்த ரிட் வழியே போதுமான பரிகாரம் என்றும் சொன்னது.

ஆக, வழக்கில் தோற்றார்கள். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. 1993-இல் பிரிட்டன் புதிய சட்டம் இயற்றியது. அடைக்கலம் மறுக்கப்பட்டவர் நாட்டுக்குள் இருந்துகொண்டே அப்பீல் செய்யலாம் என்று ஆயிற்று. அந்த ஐந்து பேரால் மட்டுமே இது வந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அனுப்பிய பிறகு அப்பீல் என்ற ஏற்பாடு எவ்வளவு கேலிக்கூத்து என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

உரிமை ஒருமுறை கிடைத்தால் நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். இந்த வருஷம் வாங்கிய போனஸை அடுத்த வருஷம் பிடுங்கப் பார்ப்பான். 2002-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், 'தெளிவாகவே ஆதாரமற்றது' என்று அதிகாரி முத்திரை குத்திய மனுக்களுக்கு, உள்ளே இருந்து அப்பீல் செய்யும் உரிமையைப் பறித்தது. காவலில் வைத்து, சில நாட்களுக்குள் அப்பீலையும் முடித்து அனுப்பும் 'அவசர முறை' ஒன்றும் நடந்தது. வக்கீலைப் பார்த்துச் சாட்சி திரட்ட அவகாசமே இல்லாத அந்த முறை நியாயமற்றது, சட்டவிரோதமானது என்று 2015 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இடையில் 2008 ஜூலை 17 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், பிரிட்டன் திருப்பி அனுப்ப இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், அனுப்பினால் மூன்றாம் பிரிவை மீறியதாகும் என்று தீர்ப்பளித்தது. முன்பு கைதானது, உடலில் உள்ள தழும்பு, போலீசிடம் உள்ள கைரேகைப் பதிவு என்று தனித்தனியே பார்த்தால் சிறியதாகத் தோன்றுபவற்றை ஒன்றாகச் சேர்த்து எடைபோட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 1991-இல் மூடிய கதவு, பதினேழு ஆண்டு கழித்து ஒருவர் அளவுக்காவது திறந்தது. அந்த மனிதர் அப்போது பிரிட்டனில் இருந்தார் என்பதை மறக்காதீர்கள். அனுப்பப்பட்டிருந்தால் தீர்ப்பு ஏட்டில்தான் இருந்திருக்கும்.

கனடாவைப் பாருங்கள். அங்கே அதிகாரி அகதியிடம் வாக்குமூலம் வாங்குவார். அது தட்டெழுதப்பட்டு ஒரு குழுவுக்குப் போகும். குழு அந்த மனிதனின் முகத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லும். மறுக்கப்பட்ட ஏழு பேர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள். 1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. ஒருவன் சொல்வது மெய்யா பொய்யா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவனை நேரில் உட்கார வைத்துக் கேட்காமல் முடிவு செய்வது நீதியாகாது என்று நீதிபதி பெர்த்தா வில்சன் தம் தீர்ப்பில் விளக்கினார். அந்த நாட்டில் ஏப்ரல் 4 இன்றைக்கும் அகதி உரிமை நாளாக நினைக்கப்படுகிறது. அதே 1985 ஜூலையில்தான் நம் நடைபாதை வழக்கின் தீர்ப்பும் வந்தது. கனடாவில் அகதிக்கும் பம்பாயில் கூலிக்கும் மூன்று மாத இடைவெளியில் ஒரே சொல் கிடைத்தது: கேட்ட பிறகே நடவடிக்கை.

இதற்கு நேர்மாறாக ஆஸ்திரேலியா செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தப் படகுகளில் ஒன்று நம் கரையிலிருந்து போனது. 2014-இல் இலங்கையர் 41 பேரைக் கடலிலேயே மறித்து, கப்பலில் வைத்தே தொலைத்தொடர்பில் கேள்வி கேட்டு, இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட இன்னொரு படகில் 157 தமிழர்கள், குழந்தைகளும் உண்டு. அவர்களை ஆஸ்திரேலியக் கப்பலில் கடலிலேயே ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்தார்கள். அது சட்டப்படி சரியா என்ற வழக்கில் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசு வென்றது. நிலத்தில் கால் வைத்தால் அப்பீல் கேட்பான். ஆகவே கால் வைக்கவே விடாதே என்பதுதான் இந்தப் புதிய தந்திரம்.

அயல்நாட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் நாட்டைப் பற்றி வாயை மூடிக்கொண்டால் அது யோக்கியமாகாது. 1951 உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2015-இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் முகாம்களிலும் வெளியிலுமாக ஏறத்தாழ 90 ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டதையும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததையும் நாம் குறைத்துப் பேசவில்லை. 2021-இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் நல்லதே. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் இவை எல்லாம் அரசு மனம் வைத்துத் தருகிற சலுகைகள். லண்டனில் அந்த இளைஞர்களுக்கு மறுப்புக் கடிதம் என்று ஒன்றாவது கைக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்காட முடிந்தது. இங்கே அகதியா இல்லையா என்று சட்டப்படி முடிவு செய்யும் ஆள் இல்லை; ஆகவே மறுப்பு இல்லை; ஆகவே அப்பீலும் இல்லை.

நம் நீதிமன்றங்களும் இரண்டு குரலில் பேசியிருக்கின்றன. 1996-இல் சக்மா மக்களின் வழக்கில், உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவனுக்கும் உண்டு, அவர்களைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தலைநிமிர்ந்து சொன்னது. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா வழக்கில், நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை குடிமகனுக்கே என்று சொல்லி, உரிய முறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2025 மே 19 அன்று ஓர் இலங்கைத் தமிழர், "திரும்பினால் எனக்கு ஆபத்து" என்று மன்றாடியபோது, உலக அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறி மனுவைத் தள்ளியது. அவர் தண்டனை பெற்று முடித்தவர் என்பது உண்மை. அவரை இங்கே வைத்துக்கொள்வதா என்பது ஒரு கேள்வி. அனுப்பினால் அவருக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதை விசாரிக்க இந்த நாட்டில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி இல்லையே என்பதுதான் நம் வருத்தம்.

இனி, "நமக்கென்ன" என்று கேட்ட நண்பர்களுக்குப் பதில். 2025 ஜூனில் இந்த மும்பையில் கூலி வேலை செய்துகொண்டிருந்த மேற்கு வங்கத் தொழிலாளர்கள் சிலரை, வங்கதேசத்தார் என்று பிடித்து, எல்லைக்குக் கொண்டுபோய் அப்பால் தள்ளிவிட்டார்கள். அவர்கள் இந்தியர்கள் என்று மேற்கு வங்க அரசு காகிதங்களைக் காட்டிய பிறகு திரும்ப அழைத்து வந்தார்கள். டெல்லியிலிருந்து தள்ளப்பட்ட குடும்பங்களைத் திரும்பக் கொண்டுவருமாறு செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பேசிய மொழி குற்றமாயிற்று. அகதியின் மேல் பழகிய கை தொழிலாளியின் கழுத்துக்கு வர எத்தனை நாளாகும்? 1981-இல் சேலம் பஸ். 1988-இல் கொழும்பு விமானம். 2025-இல் எல்லை வேலி. மூன்றிலும் முதலில் அனுப்பினார்கள், பிறகுதான் கேட்டார்கள். மூன்றிலும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வர முடியாதவர்களின் கதையை நமக்கு யார் சொல்வார்கள்?

வீட்டுக்குப் போகுமுன் சில காரியங்களை மனத்தில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் உறவினரோ, தெரிந்தவரோ வெளிநாட்டில் அடைக்கலம் கேட்டிருந்தால் சொல்லுங்கள்: முதல் வாக்குமூலமே அஸ்திவாரம். ஏஜெண்டு சொல்லிக்கொடுத்த கதையைச் சொன்னால், பின்னால் மெய்யைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பேச்சு புரியவில்லை என்றால் அங்கேயே சொல்ல வேண்டும். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மறுப்புக் கடிதம் வந்தால் பெட்டியில் பூட்டி வைத்து அழாதீர்கள். அன்றைக்கே வக்கீலிடம் ஓடுங்கள். பிரிட்டனுக்கு உள்ளே இருந்து அப்பீல் செய்ய 14 நாள்தான் தவணை. மருத்துவச் சீட்டு, கைதானதற்கான காகிதம், ஊர்ப் பெரியவர் கடிதம் எதையும் எறியாதீர்கள். நமக்கும் இதுவே பாடம்: ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக வையுங்கள்.

சங்கத்தின் சார்பில் இன்று முன்வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். யாராக இருந்தாலும், அகதியோ தொழிலாளியோ, அவரை ஓர் இடத்திலிருந்து பெயர்த்து அனுப்புமுன், அனுப்பும் இலாகாவுக்குக் கட்டுப்படாத ஒருவர் முன்னிலையில், அவருக்குப் புரிந்த மொழியில், அவர் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு இந்திய நாடு ஒரு சட்டம் இயற்ற வேண்டும். கேட்ட பிறகும் அனுப்ப நேரிடலாம். அந்த உரிமை அரசுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கேட்காமல் அனுப்பும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பதே நம் வாதம்.

தாய்மார்களே, பிள்ளைகள் இருவர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், அடிக்கக் கை ஓங்குமுன் "என்னடா நடந்தது?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? நீங்கள் வீட்டில் செய்வதைத்தான் நாட்டையும் செய்யச் சொல்கிறோம். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்.